கம்பத்து எண்ணோட புகார் போடுங்க

வணக்கம்ங்க. சிங்கப்பூர்ல உங்க அடுக்குமாடி புளோக்கிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போற வழியில விளக்கு எரியல, பெஞ்சும் உடைஞ்சிருக்கு, நகர மன்றம் ‘எங்களோடது இல்ல’ங்குதுன்னு எழுதியிருந்தீங்க. அவங்க சொல்றது சரியா இருக்கலாம். பொதுச் சாலை விளக்குகளை நிலப் போக்குவரத்து ஆணையம் பார்த்துக்குது; புளோக்கைச் சுத்தியுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பொது இடங்கள்தான் நகர மன்றத்துக்கு. அதை நீங்க அலசிக்கிட்டிருக்க வேண்டாம். இந்த மாதிரிப் புகார்களுக்கான அரசாங்கச் செயலியான ஒன்சர்விஸ்ல போடுங்க, உரிய அமைப்புக்கு அங்கிருந்தே போயிடும்.

முக்கியமா, விளக்குக் கம்பத்துல இருக்கிற எண் தெரியற மாதிரி படம் எடுங்க. ‘புளோக்குக்குப் பின்னால’ன்னு மட்டும் எழுதினா, வர்றவர் வேற கம்பத்தைப் பார்த்துட்டுத் திரும்பிடலாம். பெஞ்சைத் தனிப் புகாரா போடுங்க, அது வேற அமைப்போட பொறுப்பா இருக்கலாம். உங்க அம்மா விடியறதுக்கு முன்னாடியே அந்த வழியா வேலைக்குப் போறாங்கன்னீங்களே, அதையும் கட்டாயம் எழுதுங்க.