என்.சி.ஓ. சதவீதத்தை ரியாக்டருக்குள்ளேயே பார்க்கலாமா?

கேள்வி: பாலியூரித்தேன் பசை ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். எம்.டி.ஐ. என்ற ஐசோசயனேட்டும் பாலியாலும் சேர்ந்து பிரிபாலிமர் (பசைக்கான இடைநிலைப் பிசின்) ஆகும்போது, மிச்சமிருக்கும் என்.சி.ஓ. (ஐசோசயனேட் தொகுதி) எவ்வளவு என்று பார்க்க சாம்பிள் எடுத்து டைபியூட்டைல் அமீன் டைட்ரேஷன் போடுகிறோம். ரிசல்ட் வருவதற்குள் வினை நகர்ந்துவிடுகிறது. ரியாக்டருக்குள் செருகி ஸ்பெக்ட்ரம் எடுக்கும் அகச்சிவப்பு ப்ரோப் வாங்கினால் டைட்ரேஷனை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். வினை எப்போது முடியும் என்பதை ப்ரோப் சொல்லட்டும். பேட்சை வெளியே விடும் எண் டைட்ரேஷனிலிருந்தே வரட்டும்.

என்.சி.ஓ. தொகுதி 2270 செ.மீ.⁻¹ அருகே பலமாக உறிஞ்சும். பாலியாலோ, வினையில் உருவாகும் யூரித்தேனோ அங்கே தலைகாட்டாததால் ஸ்பெக்ட்ரத்தில் அந்த முகடு இறங்குவதை நேராகப் பார்க்கலாம். யூரித்தேன் உருவாவதை 1730இல் பார்க்கச் சொல்வார்கள். உங்களுடையது பாலியெஸ்டர் பாலியால் என்றால் அதன் எஸ்டர் கார்பனைலும் அங்கேதான் இருக்கும். 1530 பக்கம் பாருங்கள்.

வாங்கும்போது ப்ரோப் முனையை விசாரியுங்கள். கீறலும் ரசாயனமும் தாங்கும் என்று வைர முனையைத்தான் பெரும்பாலும் முதலில் காட்டுவார்கள். ஆனால் வைரமே ஏறத்தாழ 1900 முதல் 2300 வரை ஒளியை உறிஞ்சும். உங்கள் முகடு சரியாக அதற்குள் விழுகிறது. என்.சி.ஓ. குறைந்து, துல்லியம் மிகவும் தேவைப்படும் கடைசிக் கட்டத்தில்தான் இரைச்சல் உங்களைப் படுத்தும். சிலிக்கான் முனை கேளுங்கள். அதைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவக் கூடாது, அரித்துவிடும்.

அளவுத்திருத்தத்தை ஓடும் பேட்சின் வெப்பநிலையிலேயே செய்யுங்கள். அறை வெப்பநிலையில் போட்ட கோடு 80 டிகிரியில் பொய் சொல்லும். வினையில் மாறாத, 2900 பக்கமுள்ள சி-எச் முகட்டோடு விகிதம் எடுத்தால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் அடங்கும். சாம்பிளை எடுத்த கையோடு அமீன் கரைசலில் போடுங்கள். வினை அங்கேயே நின்றுவிடும். ஸ்பெக்ட்ரத்தோடு ஒப்பிட வேண்டியது சாம்பிள் எடுத்த நேரத்தை, ரிசல்ட் வந்த நேரத்தை அல்ல. பல இடங்களில் 'ப்ரோப் சரியில்லை' என்ற புகாருக்குக் காரணம் இந்த நேரக் குழப்பம்தான்.

இன்னொன்று: முனை பார்ப்பது தன்னை ஒட்டிய ஓரிரு மைக்ரான் ஆழத்தை மட்டுமே. அதன்மேல் பிசின் படிந்து இறுகினால், உள்ளே வினை ஓடிக்கொண்டிருந்தாலும் திரையில் கோடு நேராகக் கிடக்கும். கலக்கி நன்றாகச் சுழற்றும் இடத்தில் பொருத்துங்கள், மூலையில் வேண்டாம். பேட்ச் முடிந்ததும் சூடாறுவதற்குள் கரைப்பானால் கழுவி, வெறும் முனையின் ஸ்பெக்ட்ரம் ஒன்று எடுங்கள். அதில் 2900 பக்கம் மேடு தெரிந்தால் இன்னும் கழுவ வேண்டும்.