வீட்டிலேயே அலுவலகம் நடத்துகிறேன், காகிதம் மலையாகக் குவிகிறது. செல்பேசி, கணினி வைத்து எப்படிக் குறைப்பது?

நானும் உங்களைப் போலத்தான், பாம்பனில் என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். சில விசைப்படகுக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். டீசல் பில், ஐஸ் பில், வலை வாங்கிய ரசீது, மீன் எடைச்சீட்டு என்று தினமும் வந்து விழும். மழை மாதங்களில் தாளெல்லாம் நமுத்துப்போகும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளையும் அரித்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு படகின் பழைய டீசல் பில் கட்டைப் பிரித்தேன். பாதிக்கு மேல் வெறும் தாள். அந்தப் பில்களில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சில் அச்சாகிறது. வெயில், வெக்கை, ஈரம் எல்லாம் சேர்ந்தால் எழுத்து மங்கிவிடும். உரிமையாளர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அதனால் சொல்கிறேன், பழைய குவியலில் கை வைக்காதீர்கள். இன்றைக்கு வரும் தாளிலிருந்து தொடங்குங்கள், அதிலும் மங்கும் பில்தான் முதலில். கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, தனி இயந்திரம் தேவையில்லை. பெயர் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் '2025-07-03 டீசல்' என்று எழுதி, பின்னால் படகின் பெயரும் தொகையும் சேர்ப்பேன். வருடம் முன்னால் வந்தால் கோப்புகள் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். வாட்ஸ்அப்பில் பில் அனுப்புகிறவர்களிடம் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக வந்தால் தரம் குறைந்து பொடி எழுத்து தெரியாது.

பழைய கட்டுகளை மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, புது பில்லும் குறைவு. உங்கள் தொழிலிலும் அப்படி ஒரு ஓய்ந்த காலம் இருக்கும்.

எதையும் கிழிக்கும் முன் நிதானம் வேண்டும். பத்திரம், உயில், புரோநோட்டு மூலத்தை ஒருபோதும் தூக்கிப் போடக்கூடாது. ஜிஎஸ்டி கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு கழியுங்கள். பட்டா, சிட்டா நகல்களைச் சேர்த்து வைக்க அவசியமில்லை, வேண்டும்போது அரசு இணையதளத்தில் எடுக்கலாம். டிஜிலாக்கரில் துறையே வழங்கும் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் மூலத்துக்குச் சமம். நாமாக ஏற்றும் ஸ்கேனுக்கு அந்த மதிப்பு இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை.

அப்புறம், ஒரே இடத்தில் வைக்காதீர்கள். டிரைவில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று. டிஸ்கை நான் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை திறந்து ஏதாவது நாலு கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கிறேன்.