பத்து மாதச் சிப்பிப்பாறை நாய் கேட் திறந்ததும் ஓடிவிடுகிறான், கூப்பிட்டால் வருவதில்லை. என்ன செய்வது?

‘ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் தானாக வருகிறான், வந்ததும் இரண்டு அடி போடுகிறேன், அப்படியும் திருந்தவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த இரண்டு அடியை நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஓடியதையும் இப்போது விழும் அடியையும் முடிச்சுப் போட நாய்க்குத் தெரியாது. அடி விழும் நேரத்தில் அவன் செய்த காரியம், வீட்டுக்கு வந்தது. வந்ததற்குத்தான் அடி என்று எடுத்துக்கொள்வான். அடுத்த தடவை கைக்கு எட்டாத தூரத்தில் நின்று போக்குக் காட்டுவான்.

சிப்பிப்பாறை என்பது கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து விரட்டுவதற்காகவே பொறுக்கி வளர்த்த இனம். ஓட்டமே அதற்குப் பரிசு. கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பரிசு வாங்கித் திரும்புகிறவனுக்குப் பிஸ்கட்டைக் காட்டி ஒன்றும் ஆகாது. அதனால் முதல் வேலை, வழியை அடைப்பது.

கேட் கம்பிக்கு நடுவே தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்; இந்த இனத்துக்கு மார்பு ஒடுக்கம். கேட்டின் கீழ்ப்பாதியில் வெல்டு மெஷ் வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். ஐந்தடிச் சுவர் இவனுக்குப் பெரிய தடையல்ல. சுவரை ஒட்டித் துவைக்கிற கல், தண்ணீர் டிரம், பைக் இருந்தால் இன்னும் சுலபம், அவற்றைத் தள்ளி வையுங்கள். சுவர் மேல் கண்ணாடித் துண்டு பதித்திருந்தால் உடைத்து எடுத்துவிடுங்கள், தாவும்போது வயிறு கிழியும். வராந்தாவில் கிரில் கதவு இருந்தால் பாதி கவலை தீர்ந்தது: ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். பெரும்பாலும் தப்புவது பால் பாக்கெட்டும் கேஸ் சிலிண்டரும் வரும் நேரத்தில்தான்.

அடுத்தது பெல்ட். இவர்களுக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரண பெல்ட்டைப் பின்னால் இழுத்து ஒரு நொடியில் உருவிவிடுவான். இழுத்தால் மட்டும் இறுகும் ‘மார்ட்டிங்கேல்’ வகை வாங்குங்கள். முழுக்க இறுகிய நிலையில் அதன் இரண்டு வளையங்களும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது, நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். நடக்க மட்டும்தான் அது. போட்டுக் கட்டிவைத்துவிட்டுப் போனால், எதிலாவது மாட்டி இறுகிவிடும்.

இனி, கூப்பிட்டால் வர வைப்பது. இதுவரை கத்திய பெயர் காதில் ஏறாத அளவுக்குத் தேய்ந்திருக்கும். ‘வா வா’, விசில், ஏதாவது புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி ஈரலைப் பட்டாணி அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இரண்டடி தூரத்தில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, வந்ததும் மூன்று நான்கு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கொடுக்கும்போது இன்னொரு கையால் பெல்ட்டைத் தொட்டுவிட்டு விட வேண்டும்; பிடிக்க வரும் கை என்ற பயம் அப்படித்தான் போகும். அறைக்கு அறை தேறியதும் வெளியே பத்து மீட்டர் நைலான் கயிறு. அதை மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் கட்டுங்கள். பத்து மீட்டர் ஓடிச் சுண்டினால் பெல்ட் கழுத்தைப் பதம் பார்க்கும். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், விரல் போய்விடும்.

பலர் தோற்பது இங்கேதான்: வந்ததும் கயிற்றைச் சுருட்டி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். வந்தால் ஆட்டம் முடிந்தது என்றுதானே அவன் நினைப்பான்? பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தின்னக் கொடுத்து மறுபடி விட வேண்டும். இன்னொன்று, பூனையைப் பார்த்து விரட்டத் தொடங்கிய பிறகு எந்தக் குரலும் ஏறாது. அதற்கு முன்னால் ஓரிரு நொடி கிடைக்கும்: காது மேலே ஏறும், வாய் மூடும், ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழும். கூப்பிட வேண்டியது அப்போது. கயிறில்லாமல் திறந்த வெளியில் விடும் ஆசை மட்டும் இந்த இனத்தோடு வேண்டாம்.

‘நாட்டு நாய்க்கு ஈரலா? எங்க தாத்தா காலத்துல யாரு டிரெயினிங் கொடுத்தா?’ என்று கீழே கமெண்ட் வரும். தாத்தா வீட்டுக்குப் பின்னால் காடு இருந்தது, பைபாஸ் இல்லை. ‘கட்டிப் போடு’ என்பவர்களுக்கு: ஓடவே விடாமல் எந்நேரமும் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இனப் பெருமை பேசி முப்பது நாள் குட்டியைக் கைமாற்றி விடுகிறார்களே, அவர்களைத்தான் கேட்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017லேயே விதி வந்துவிட்டது. தாயும் கூடப்பிறந்ததுகளும் கற்றுக்கொடுக்க வேண்டியதை அந்தக் குட்டி எங்கே போய்க் கற்கும்?

கருத்தடை செய்தால் பெட்டையைத் தேடி அலைவது பெரும்பாலும் குறையும். பூனையை விரட்டுவது குறையாது. வளர்த்தி முடியட்டும் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தெருவில் இணைசேரும் நாய்க்கு அதன் மூலமே பரவும் குறிக்கட்டி (பிறப்புறுப்பில் வளரும் கட்டி) வரக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம், ஒரு தடவைகூடத் தவறக் கூடாது.

ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், அவன் வேகம் உங்களுக்கு வராது, விளையாட்டு என்றும் நினைப்பான். ஒரு சத்தம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அல்லது முதுகைக் காட்டிக் குந்தி உட்காருங்கள். பார்வையிலிருந்து மறைந்துவிட்டால் ஒருவர் கேட்டைத் திறந்து வைத்து வீட்டிலேயே இருக்கட்டும், மற்றவர்கள் டீக்கடை, வாட்ச்மேன், தூய்மைப் பணியாளர்களிடம் விசாரியுங்கள். தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப் போடுங்கள், ஆனால் அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது; யாராவது பிடித்து ஸ்கேனரில் வைத்தால்தான் அதிலுள்ள 15 இலக்க எண் தெரியும். போன் நம்பரை எப்போதும் கழுத்தில் கிடக்கும் சாதாரண பெல்ட்டிலேயே தைத்துவிடுங்கள். தொங்கும் வில்லை எங்காவது மாட்டி அறுந்துவிடும்.