வயதான அம்மாவோடு முதல்முறை லண்டன் போகிறோம். மலிவான ஓட்டலை ஊருக்கு நடுவில் எடுப்பதா, தள்ளி எடுப்பதா? டாக்சி இல்லாமல் சுற்ற முடியுமா?

லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2023 ஜூனில் நான், வீட்டுக்காரர், 12 வயது மகன், 68 வயது அம்மா என்று நாலு பேர் திருச்சியிலிருந்து போனோம். உங்களை மாதிரியே நானும் ராத்திரி ராத்திரியாக ஓட்டல் தேடினேன். பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, நாலு பேருக்கு ஒரே அறை, காலைச் சாப்பாட்டோடு ராத்திரிக்கு 138 பவுண்டு. கிடைத்ததே பாக்கியம் என்று பணத்தைத் திருப்பித் தராத புக்கிங்கைப் போட்டுவிட்டேன். 'எப்படிப் பிடிச்சேன் பாத்தியா' என்று அக்காவுக்கு போட்டோ வேறு அனுப்பினேன்.

அந்தப் பக்கத்து ஓட்டல்களில் பாதி, பழைய காலத்துக் குடும்ப வீடுகள். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, வெள்ளையடித்து, வாசலில் தூண் வைத்துப் பார்க்க அம்சமாக இருக்கும். உள்ளே ஓர் ஆள் போகிற அகலத்தில் கம்பளம் விரித்த படிக்கட்டு. எங்கள் அறை நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வரவேற்பில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான், அவ்வளவுதான். 23 கிலோ பெட்டி மூன்று. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேலே போனதும் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஒரு வாளி, குவளைகூடக் கிடையாதா? இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். நல்லவேளை, பெட்டியில் பிளாஸ்டிக் மக் இருந்தது. சிரிக்காதீர்கள், நீங்களும் எடுத்துப் போங்கள்.

மூன்று நாளில் அம்மா பார்த்த லண்டன் அறை ஜன்னலில் தெரிந்ததுதான். காலையில் ஒருமுறை இறங்கினால் ராத்திரிதான் ஏற முடியும். நடுவில் வந்து கொஞ்சம் படுக்கலாம் என்றுதானே ஊர் நடுவில் அறை எடுத்தேன்!

நாலாம் நாள் மீதிப் பணம் போனால் போகட்டும் என்று இல்ஃபர்டுக்கு மாறினோம். ஊர் நடுவிலிருந்து கிழக்கே தள்ளி, ரயில் கட்டணக் கணக்கில் நாலாவது ஜோன். பெரிய கம்பெனி ஓட்டல், அழகெல்லாம் ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். ஆனால் லிஃப்ட் உண்டு, ஸ்டேஷனிலும் உண்டு. எலிசபெத் லைன் ரயில் பாடிங்டனிலிருந்து மாறாமல் நேராக வருகிறது. 2022ல்தான் திறந்தார்கள், ஏசி ரயில். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரவும் இதே லைன் போதும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தனி ரயில் பாடிங்டனுக்கு 15 நிமிடத்தில் வந்துவிடும், சரி, ஆனால் அப்போது ஆளுக்கு 25 பவுண்டு. எலிசபெத் லைன் அரை மணி நேரம், அப்போது ஏறத்தாழ பாதிக் காசு. அதைவிட மலிவு பிக்காடில்லி லைன் சுரங்க ரயில். ஒரு மணி நேரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்காரத் தயார் என்றால்.

"தள்ளித் தங்கினால் போக வரவே நேரம் போயிடும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். முதுகுப்பையோடு திரியும் 25 வயதுப் பிள்ளைகளுக்கு அது சரிதான், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மலிவு ஓட்டல் எல்லாமே மோசம் என்றும் நான் சொல்லவில்லை. மாடிப்படி ஏற முடியாதவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

டாக்சி தேவைப்படவே இல்லை. வங்கி கார்டையே ஸ்டேஷன் வாசல் மெஷினில் தட்டிவிட்டு உள்ளே போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். எங்கள் வீட்டு மேதை உள்ளே போகும்போது போனைத் தட்டினார், வெளியே வரும்போது அதே கணக்கின் கார்டைத் தட்டினார். மெஷினுக்கு அது இரண்டு ஆள். இரண்டும் பாதிப் பயணம். இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிட்டது. எதைத் தட்டி உள்ளே போனீர்களோ அதையே தட்டி வெளியே வாருங்கள். ஒரே கார்டைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று உச்சவரம்பு உண்டு. மகனுக்கு ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண கார்டு வாங்கி, ஸ்டேஷன் ஊழியரிடம் கேட்டால் 11லிருந்து 15 வயதுவரை பாதிக் கட்டணமாக மாற்றித் தருகிறார்கள். கேட்டால்தான். எனக்கு அது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு வாய்த்தது பஸ். அப்போது 1.75 பவுண்டு, முதலில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு. ஏறும்போது தட்டினால் போதும். ரொக்கம் வாங்க மாட்டார்கள். 15ஆம் நம்பர் பஸ் டவர் ஹில்லிலிருந்து செயின்ட் பால்ஸ் வழியாக டிரஃபால்கர் சதுக்கம் பக்கம் போகும். மகன் மாடியில் முன் சீட்டு, அம்மா கீழே வயதானவர்கள் சீட்டு. இரண்டு முறை போய் வந்தோம். சுரங்க ரயிலில் கோவென்ட் கார்டனில் மட்டும் இறங்காதீர்கள். லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கிறதே என்று நானும் மகனும் படியில் ஏறினோம். 193 படி. பக்கத்து லெஸ்டர் ஸ்கொயரில் இறங்கியிருந்தால் பொடிநடையில் வந்திருக்கலாம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எனக்கு அங்கே ஒரு சித்தப்பா மகன் இருக்கிறான். 'வந்தா நம்ம வீட்லதான் தங்கணும்க்கா' என்று பத்து வருடமாகச் சொன்னவன். விசா வந்ததும் போன் செய்தால், அந்த வாரம் அவர்கள் ஸ்பெயின் போகிறார்களாம். சரி, போகட்டும். ஆனால் அதற்கு முன்பே லிஸ்ட் அனுப்பியிருந்தான்: மோர்மிளகாய், சுண்டைக்காய் வத்தல், கூழ்வடகம், அப்பளம். ஆறு கிலோ. நாலு மாடி ஏறிய பெட்டியில் அதுவும் இருந்தது. 'பார்சல்ல போட்டுடுங்கக்கா' என்றான். தபால் செலவைப் பற்றி மூச்சில்லை. பார்சலில் போட அம்மா சம்மதிக்கவே இல்லை. இல்ஃபர்டுக்கு அடுத்த ஸ்டேஷன் மேனர் பார்க். அந்தப் பக்கம் முருகன் கோயில் இருக்கிறது. மூட்டையோடு போய் அங்கே சமையல் வேலையாய் இருந்த ஓர் இலங்கைத் தமிழ் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவர் மோர்மிளகாயை முகர்ந்து பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டார். தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

புக் செய்யுமுன் ஓட்டலுக்கு ஒரு மெயில் போட்டு, தெருவாசலிலிருந்து கட்டில்வரை மொத்தம் எத்தனை படி என்று கேளுங்கள். 'கொஞ்சம்தான்' என்று பதில் வந்தால் வேறு ஓட்டல் பாருங்கள்.