ஐந்து மணிக்கு முன்னே இருட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று வருடமாக நவம்பர் பிறந்தாலே உடம்பு இரும்பாய்க் கனக்கிறது. பத்து மணித்தியாலம் படுத்தாலும் நித்திரை முறியவில்லை. சோறு, பாண், இனிப்பு என்று கை போய்க்கொண்டே இருக்கும். ஏப்ரலில் தானாகச் சரியாகிவிடும். வீட்டில் சோம்பல் என்கிறார்கள். போன மாதம் வெளிச்சச் சிகிச்சை விளக்கு ஒன்று வாங்கினேன். குசினி மேசையில் வைத்து, இரவு சமைக்கும்போது போட்டுவிடுவேன். ஒரு மாற்றமும் இல்லை.
– வாசகி, ஸ்காபரோ

பதில்: சோம்பல் ஏப்ரல் மாதம் பார்த்து விலகாது, சகோதரி. நீங்கள் சொல்வதெல்லாம் பருவகால மனச்சோர்வின் அடையாளங்கள். 1984இல் அமெரிக்க மனநல மருத்துவர் நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவும் இதை விவரித்தார்கள். மற்ற மனச்சோர்வுகளில் பெரும்பாலும் நித்திரையும் பசியும் குறையும். இதில் இரண்டும் கூடுவதுதான் வழக்கம்.

குளிரைவிட வெளிச்சக் குறைவுதான் இதற்குக் காரணம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழ பதினொன்றரை மணித்தியாலம். ரொறன்ரோவில் அது ஒன்பதுக்கும் சற்றுக் குறைவு. டிசம்பர் கடைசியில் சூரியன் எழவே 7.50 ஆகிவிடும். அதற்குள் நீங்கள் வேலைத்தலத்தில் நிற்பீர்கள். வெளியே வரும்போது திரும்பவும் இருட்டு.

உங்கள் விளக்கில் குறை இல்லாமலும் இருக்கலாம். நேரம் நிச்சயம் பிழை, தூரமும் பிழையாக இருக்கக்கூடும். இரவில் அதைப் போட்டால் நித்திரைதான் பிந்தும். காலையில் எழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள், 10,000 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) 30 நிமிடம் இருக்கவேண்டும். பெட்டியைப் பாருங்கள்: 10,000 லக்ஸ் எத்தனை சென்ரிமீற்றரில் என்று போட்டிருக்கும். சின்ன விளக்குகள் பல 15 சென்ரிமீற்றரில்தான் அந்த அளவைத் தரும். முகத்தை அதோடு ஒட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் யார் இருப்பது? 40 முதல் 60 சென்ரிமீற்றரில் அதைத் தரக்கூடிய, புறஊதாக் கதிரை வடிகட்டும் அகலமான விளக்கே வசதி. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக வையுங்கள். விளக்கை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. கண்ணைத் திறந்தபடி தேத்தண்ணி குடிக்கலாம், பேப்பர் வாசிக்கலாம். எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த நேரம் கணக்கில்லை.

ஒன்று, இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரியவேண்டும். தலையிடித்தால் தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது 15 நிமிடத்தில் தொடங்குங்கள். சுகமாகிவிட்டது என்று ஜனவரியில் நிறுத்தினால் சில நாட்களிலேயே சோர்வு திரும்பலாம். வசந்தம் வரை விடாதீர்கள். நித்திரை குறைந்து, பேச்சும் வேகமும் அளவுக்கு மிஞ்சினால் உடனே நிறுத்திக் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்களுக்கோ குடும்பத்திலோ இருமுனை மனநோய் (மிகை உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது) இருந்தால், வைத்தியரைக் கேட்காமல் விளக்கைத் தொடவே வேண்டாம்.

விளக்கு சரிவராவிட்டால் மாத்திரை எடுப்பதில் வெட்கம் எதற்கு? 2006இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில் 10,000 லக்ஸ் விளக்கையும் 20 மில்லிகிராம் புளுஒக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் எட்டுக் கிழமை ஒப்பிட்டார்கள். இரண்டிலும் நூற்றுக்கு 67 பேருக்குப் பலன். எதற்கும் முன்னர் தைரொயிட், இரும்புச்சத்து, பி12 மூன்றுக்கும் இரத்தம் சோதியுங்கள். அவை குறைந்தாலும் இதே களைப்புத்தான் வரும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தம். ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம். பேஸ்மென்டில் இருக்கிறா. பனி தொடங்கியதிலிருந்து "உடம்பு உளையுது, நெஞ்சு பாரமாக் கிடக்கு" என்கிறா. ஆரோடும் கதைப்பதில்லை. அவவுக்கும் விளக்கு வாங்கலாமா?
– வாசகர், மார்க்கம்

பதில்: அவசரப்பட வேண்டாம். நெஞ்சுப் பாரத்தை மனம் என்று நாங்களே முடிவுகட்டக்கூடாது. சீனி வருத்தக்காரருக்கு இதயச் சோதனைதான் முதல் வேலை. அதோடு மூச்சு முட்டினால், வியர்த்தால் அவசர உதவிக்கு 911.

இதயத்தில் பிழையில்லை என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: விடிய எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது? சோறு இறங்குகிறதா? மூன்று மணிக்கே முழித்துக் கிடக்கிறா, சாப்பாடும் வேண்டாம் என்றால் அது பனிக்காலத்துக்கு உரியதாக மட்டும் இருக்காது. ஊரையும் சொந்தத்தையும் விட்டுவந்த துக்கம் விளக்குக்குக் கரையாது. எங்கள் முதியவர்கள் "மனம் சரியில்லை" என்று சொல்வது அரிது. உளைவும் தலையிடியும்தான் வாயில் வரும். வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பேரப்பிள்ளையை வைத்துக் கதைத்தால் அவ முக்கியமானதை மறைத்துவிடுவா.

விளக்குக்கு முன் கண் வைத்தியரும் பார்க்கவேண்டும், சீனி விழித்திரையைப் பாதித்திருக்கலாம். மெற்போமின் என்ற சீனி வருத்த மாத்திரையை நெடுங்காலம் எடுத்தால் பி12 குறையும், அதையும் சோதியுங்கள். இப்போதைக்கு அவவின் கதிரையை மேல்மாடி யன்னலோரம் மாற்றுங்கள். பேஸ்மென்ட் பல்ப் சில நூறு லக்ஸைத் தாண்டாது. மப்பான மத்தியானத்திலும் வெளியே சில ஆயிரம் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிடம் நடத்திக் கூட்டிப்போங்கள், சப்பாத்தில் பனிக்கட்டிப் பிடிப்பு பூட்டி.

கேள்வி: விற்றமின் டி எடுத்தால் போதாதா?
– வாசகர், பிரம்டன்

பதில்: எலும்புக்கு வேண்டும். மனச்சோர்வைத் தனியே மாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கனடாவில் 70 வயது வரை நாளுக்கு 600 சர்வதேச அலகு (IU), அதற்கு மேல் 800. உணவையும் சேர்த்து 4,000ஐத் தாண்டக்கூடாது. யன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயிலில் அது சுரக்காது.

கேள்வி: பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் 19 வயது மகன் வகுப்புக்குப் போவதில்லை. "நான் இல்லாட்டி உங்களுக்குச் சிலவு மிச்சம்" என்று எழுதியிருக்கிறான். பனிக்காலம் முடியச் சரிவருமா?
– தாய், ரொறன்ரோ

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. இன்றைக்கே கதையுங்கள், "சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். நீங்கள் போய்ச் சேரும்வரை விடுதிப் பொறுப்பாளரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். நீங்களும் கதைக்கலாம், அவனும் கதைக்கலாம். மாத்திரையோ கயிறோ கையில் என்றால் 911. மார்க் குறைந்ததைப் பற்றி இந்தக் கிழமை வாயே திறக்காதீர்கள்.