பல் செட்டுக்கு அடியில பூஞ்சை: இனிப்பை நிறுத்தினா போதுமா?

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு மேல் வரிசை முழுக்க பல் செட்டு, சுகரும் இருக்கு. அண்ணம் செக்கச்செவேல்னு எரியுதுன்னு காட்டினப்போ பூஞ்சைன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க, சரியாச்சு, மருந்தை நிறுத்தினதும் திரும்ப வந்துருச்சு. இனிப்பையே நிறுத்திட்டா பூஞ்சை பட்டினியில செத்துரும்னு சித்தி சொல்றாங்க, நெஜமா?
– வாசகி, திருச்சி

பதில்: சித்தி சொன்னதுல பாதி சரிம்மா. கேண்டிடாங்கிற இந்தப் பூஞ்சை நிறைய பேர் வாயில சும்மாவே இருக்கும். செட்டோட அக்ரிலிக் பிளாஸ்டிக்ல இருக்கிற பொடிப்பொடி குழியில ஒட்டிக்கிட்டு, நூல் நூலா நீண்டு, மேல கொழகொழன்னு ஒரு படலம் கட்டிக்கும், அதான் பயோஃபிலிம். அந்தப் படலம் மருந்தையே பிடிச்சு வச்சுக்கும், உள்ள போக விடாது. அண்ணத்துல இருந்தது செத்துச்சு, செட்டுல இருந்தது பொழச்சுக்கிச்சு, அவ்ளோதான்.

இப்ப சாப்பாட்டு விஷயம். சக்கரை அதுக்குத் தீனி மட்டும் இல்ல, பல் சொத்தை பண்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா விடுற என்சைம் பூஞ்சை மேலயே போய் உக்காந்து சக்கரையைப் பசையா மாத்திடும், அப்புறம் ரெண்டும் கூட்டு சேந்துக்கும். பாக்டீரியா வெளிய தள்ற லாக்டிக் ஆசிட்டைக்கூட பூஞ்சை விடாது, தின்னுடும். இனிப்பே இல்லாட்டியும் எச்சில்ல இருக்கிற புரதத்தை வச்சு ஓட்டிரும், அதனால பட்டினி போட்டுக் கொல்ற கதை நடக்காது. அதோட சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா எச்சில்லயே குளுக்கோஸ் கூடும், அம்மா ஒரு லட்டு தொடலன்னாலும் சப்ளை நிக்காது. ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாசமா சுகர் சராசரியா எப்படி இருந்துச்சுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) எடுத்து பாத்துருங்க.

சக்கரை போட்ட காபியை நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிக்கிறது, வாயில மிட்டாய் அடக்கி வைக்கிறது, இதை முதல்ல விடச் சொல்லுங்க. சில சொட்டு மருந்துலயே சக்கரை இருக்கும் (கொடுமைதான்!), சக்கரை இல்லாதது கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ராத்திரி செட்டைக் கழட்டியே ஆகணும், பல பேர் வெக்கப்பட்டுக்கிட்டு போட்டபடியே தூங்குறாங்க. சாஃப்ட் பிரஷ்ஷும் சோப்பும் போட்டு, அண்ணத்துல ஒட்டுற பக்கத்தைத்தான் முக்கியமா தேய்க்கணும். பேஸ்ட் வேணாம், கீறல் விழுந்து இன்னும் நல்லா ஒட்டிக்கும், கொதிக்கிற தண்ணியும் வேணாம், செட்டு வளைஞ்சுரும். அண்ணத்தையும் லேசா தேய்ச்சு விடுங்க. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறாங்கன்னா எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும். செட்டு எவ்ளோ பழசுன்னு நீங்க எழுதல, லூசாகி உரசுதுன்னா இதெல்லாம் பண்ணியும் திரும்பத் திரும்ப வரும், பல் டாக்டர்கிட்ட காட்டி புதுசு செய்யணுமான்னு கேட்டுருங்க.