உறுமும் பேஸ், குத்தும் 'ஸ': வீட்டிலேயே திருத்தலாம்

வணக்கம். புறக்கோட்டையில் வாங்கிய மலிவு ஹெட்போனில் பேஸ் (தாழ்ந்த ஒலி) உறுமுகிறது, 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளவத்தையில் என் மேசையிலும் இதே நோயுடன் ஒன்று கிடந்தது, திருத்திவிட்டேன்.

முதலில் காதில் படும் குஷனைக் கழற்றி, டிரைவருக்கு (உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) முன்னால் டிஷ்யூ வையுங்கள். இரண்டு படையாக வருவதைப் பிரித்து ஒரு படை மட்டும். இரண்டையும் வைத்தால் பாடுபவர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிடும். 'ஸ' குத்துவது பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண் பகுதியில்தான். அதைத் தணிக்க அந்த மெல்லிய தாளே போதும்.

பேஸுக்கு, டிரைவர் பொருத்தியிருக்கும் கிண்ணத்தைத் திறந்து டிரைவரின் பின்னால் கொஞ்சம் பஞ்சைத் தளர்வாகப் பரப்புங்கள். திணிக்க வேண்டாம். காற்றுத்துளை இருந்தால் டேப்பால் மூடி, ஊசியால் ஒரு சிறு துளை குத்திக் கேட்டுப் பாருங்கள். திறக்கும்போது கவனம்: உள்ளே போகும் வயர் தலைமயிர் போல இருக்கும், இழுபட்டால் ஈயம் வைத்து ஒட்ட வேண்டிவரும்.

அப்புறம், கொழும்பு வியர்வைக்குக் குஷன் தோல் உரிந்துவிடும். காதோடு சரியாக ஒட்டாவிட்டால் பேஸ் ஒழுகிப் போய்விடும், அதற்குப் புதுக் குஷன்தான் மருந்து. எந்தத் திருத்தமானாலும் ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் செய்து, மற்றதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.